கல்லுக்குத் தடை, டைல்ஸுக்கு விலக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 13 அன்று ஆஸ்திரேலியாவின் ஒன்றிய, மாநில அரசுகளின் பணியிடப் பாதுகாப்பு அமைச்சர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் பலகையை அந்த நாட்டில் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, பொருத்தவும் கூடாது. ஒரு நாடு முழுவதற்கும் இப்படித் தடை போட்டது உலகத்தில் அதுதான் முதல் முறை. நம் ஊர்க் கடைகளில் கிரானைட்டுக்குப் பக்கத்தில் ‘குவார்ட்ஸ்’ என்று சாய்த்து வைத்திருக்கிறார்களே, அதே சரக்குதான். குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு குழைத்து, அழுத்தி, சூடேற்றி இறுக்கிய பலகை.

தடையோடு ஒரு விலக்குப் பட்டியலும் வந்தது. கான்கிரீட், செங்கல், நடைபாதைக் கல், டைல் இடுக்கை அடைக்கும் கிரௌட், ஜிப்சம் பலகை, அப்புறம் சுவருக்கும் தரைக்கும் ஒட்டுகிற செராமிக் டைல்ஸ், போர்சலின். இவை தடைக்குள் வராது.

குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. டைல்ஸிலும் இருப்பது அதே படிகச் சிலிக்கா. அறுப்பதும் அதே வைர பிளேடு. கிளம்பும் தூசி கொண்டுவரும் நுரையீரல் நோய்க்கும் பெயர் ஒன்றுதான், சிலிகோசிஸ். அப்படியிருக்க ஒன்றைத் தடுத்து இன்னொன்றை ஏன் விட்டார்கள்? வீட்டில் ஒரு குளியலறைக்கு டைல்ஸ் மாற்றப் போகிறவருக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. ஏனென்றால் பலகை விஷயத்தில் பொருளையே அகற்றி ஆபத்தை முடித்துவிட்டார்கள். டைல்ஸ் விஷயத்தில் பொருள் அப்படியே இருக்கிறது. ஆபத்தைத் தீர்க்கும் பொறுப்பு மட்டும் அறுக்கிறவர் கைக்கு வந்திருக்கிறது. விலக்குப் பட்டியலை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

பலகைப் பட்டறைகளில் நடந்தது

கதை ஆஸ்திரேலியாவில் தொடங்கவில்லை. இஸ்ரேலில் ஒரே மருத்துவமனையின் நுரையீரல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கு 1997 முதல் 2010 வரை 25 சிலிகோசிஸ் நோயாளிகள் அனுப்பப்பட்டிருந்தார்கள். சுரங்கத்திலோ குவாரியிலோ வேலை பார்த்தவர்கள் அல்ல. சமையலறை மேடைகளுக்காகச் செயற்கைக் கல்லைத் தண்ணீர் இல்லாமல் அறுத்தவர்கள். அங்குள்ள மருத்துவர்கள் இதை 2012ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பலகை மலிவாக இருந்தது, கறை பிடிக்காதது, எந்த நிறத்திலும் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் 2000க்குப் பிறகு அது வீட்டுக்கு வீடு போனது. 2018 செப்டம்பரில் குயின்ஸ்லாந்து மாநில அரசு அவசர எச்சரிக்கை விடுத்தது: உலர்வாக அறுப்பதை உடனே நிறுத்துங்கள். தொழிலாளர்களை வரிசையாகப் பரிசோதிக்கவும் தொடங்கினார்கள். முப்பது வயதைத் தாண்டியும் தாண்டாதவர்களின் நுரையீரல் படங்களில், அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு அறுபது வயதில் வந்த வடுக்கள் தெரிந்தன. 2019ல் அமைத்த தேசியத் தூசிநோய்ப் பணிக்குழு 2021ல் கொடுத்த இறுதி அறிக்கை இன்னும் கடுமையானது. 2018க்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்குச் சிலிகோசிஸோ சிலிக்காத் தூசி தரும் வேறு நோயோ இருந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் இதே படம்தான். 2023ல் அங்கே வெளியான ஆய்வில் இருந்த 52 தொழிலாளர்களில் 10 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு வயது 45ஐத் தாண்டவில்லை.

தூசி உள்ளே போய் என்னதான் செய்கிறது? கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும். தும்மினாலோ காறினாலோ வந்துவிடும். ஆபத்தானது அதற்கும் கீழே, சாதாரண மணல் துகளைவிட நூறு மடங்குக்கும் மேல் சிறியது. அது நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை இறங்கிவிடும். அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. விழுங்கிய செல் சாகும், துகள் வெளியே விழும், அடுத்த செல் அதை விழுங்கும். இந்தச் சுழற்சி நடக்கும் இடத்தில் எல்லாம் தழும்பு விழுந்து, மெத்தென்றிருந்த நுரையீரல் விறைத்துப்போகும். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போகலாம். குணமாக்கும் மருந்து இல்லை. காசநோய் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. நம் நாட்டில் பல நேரம் நோயையே காசநோய் என்று எண்ணி வைத்தியம் பார்த்துவிடுகிறார்கள். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு அமைப்பு 1997லேயே இந்தத் தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

இனி இந்த நிகழ்வின் முக்கியமான பகுதி. ஆஸ்திரேலியா நேராகத் தடைக்குப் போகவில்லை. உலர் அறுப்பைத் தடுத்துப் பார்த்தார்கள். 2019ல் குயின்ஸ்லாந்து இந்தத் தொழிலுக்கென்றே நடைமுறை விதித் தொகுப்பு கொண்டுவந்தது. காற்றில் சிலிக்காவுக்கான எட்டு மணி நேரச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமிலிருந்து 0.05 ஆகக் குறைத்தார்கள். விக்டோரியா மாநிலம் உரிம முறையைப் புகுத்தியது. எல்லாம் செய்த பிறகும், பட்டறைகள் விதிகளைப் போதுமான அளவு பின்பற்றவில்லை என்று தேசியப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2023ல் எழுதியது. சிலிக்கா 40 சதவீதத்துக்கு மேல் உள்ளதை மட்டும் தடுக்கலாமே என்றொரு யோசனையும் மேசையில் இருந்தது. இதற்குக் கீழே போனால் பாதுகாப்பு என்று சொல்லச் சான்று இல்லை என்று அதை ஒதுக்கி, முழுத் தடையைப் பரிந்துரைத்தார்கள்.

தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்தே செய்யாமல் விட்டதுதான் அந்தப் பொருளுக்கு முடிவு கட்டியது.

டைல்ஸை ஏன் விட்டார்கள்

பலகையில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் போகும். செராமிக் டைல்ஸில் ரகத்தைப் பொறுத்து 5 முதல் 45 சதவீதம் வரை. ஒப்பிட்டுச் சொன்னால் கிரானைட் 20 முதல் 45, மார்பிள் 2 சதவீத அளவில். பலகையில் பிசினும் உண்டு. அறுக்கும்போது சூட்டில் அதிலிருந்தும் ஆவி கிளம்பும், தூசியும் மிக மிக நுண்மையாக உடைகிறது. டைல் சூளையில் வெந்தது, பிசின் கிடையாது. தடைக்கு இட்டுச்சென்ற நோயாளிக் கணக்கும் பலகைப் பட்டறைகளிலிருந்து வந்ததுதான்.

வேலையின் தன்மையிலும் வேறுபாடு இருக்கிறது. பலகையைத் தொட்டிக்கு, அடுப்புக்கு, விளிம்புக்கு என்று நாள் முழுவதும் அறுத்து, இழைத்து, மெருகேற்ற வேண்டும். டைல் வேலையில் பெரும்பகுதி ஒட்டுவது. ஓரத்துக்கும் குழாய்க்கும் மட்டும் அறுப்பு.

ஆனால் விலக்கு என்றால் கண்டுகொள்ள மாட்டோம் என்று பொருள் இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் அங்கே இன்னொரு விதி நடைமுறைக்கு வந்தது. எடையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ படிகச் சிலிக்கா உள்ள எந்தப் பொருளையும் இயந்திரத்தால் அறுப்பதானால், தண்ணீர் பாய்ச்சுவது, கருவியிலேயே தூசி உறிஞ்சி பொருத்துவது போன்ற கட்டுப்பாடு ஒன்றாவது இருக்க வேண்டும். அப்படியும் தூசி மிஞ்சினால் சுவாசக் கவசமும் வேண்டும். டைல் அதற்குள் வந்துவிடுகிறது. சிட்னியில் ஒரு குளியலறையில் டைல் ஒட்டுகிறவரைத் தடைச் சட்டம் விட்டுவிட்டது, இந்த விதி பிடித்துக்கொண்டது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ் இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ராஜஸ்தான் 2019ல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஆனால் இரண்டாம் மாடிக் குளியலறை தொழிற்சாலை ஆகாதே. அங்கே ஆய்வாளர் யாரும் ஏறி வரப்போவதில்லை. வீட்டுக்காரரும் மேஸ்திரியும்தான்.

ஒரு குளியலறையின் கணக்கு

ஏழடிக்கு ஐந்தடி, உயரம் எட்டடி. சாதாரணக் குளியலறை. கன அளவு 280 கன அடி, ஏறக்குறைய 8 கன மீட்டர். கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பை இதில் போட்டால், அறை முழுவதிலும் மிதக்கலாம் என்று விதி சொல்லும் சிலிக்கா வெறும் 0.4 மில்லிகிராம்.

இப்போது அதே அறையில் இரண்டடி டைல் ஒன்றைக் கிரைண்டரால், அதாவது கையில் பிடித்து அறுக்கும் சுழல் பிளேடு இயந்திரத்தால், குறுக்கே அறுக்கிறோம். நீளம் 600 மில்லிமீட்டர், தடிமன் 9, பிளேடு தின்னும் அகலம் 2. அறுபட்டுத் தூளாவது கிட்டத்தட்ட 11 கன சென்டிமீட்டர். எடையில் 25 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சிலிக்கா என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 5 கிராம், அதாவது 5,000 மில்லிகிராம். இதில் பெரும்பகுதி கரடுமுரடான தூள், தரையில் விழுந்துவிடும். சரி. நுரையீரல் வரை போகக்கூடிய நுண்தூசியாகப் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் மிதந்தாலே அந்த 0.4 மில்லிகிராம் வந்துவிடும். ஒரே ஒரு அறுப்பில்.

விதி எட்டு மணி நேரச் சராசரியைப் பேசுகிறது. எனவே ஓர் அறுப்பாலேயே சட்டம் மீறப்பட்டதாக ஆகாது. ஆனால் ஒரு குளியலறைக்கு ஓர் அறுப்பா? சுவர் ஓரம், கதவுச் சட்டம், குழாய் முனைகள், தரைச் சரிவு, தண்ணீர் வெளியேறும் ஜாலி என்று அறுப்புகள் டஜன் கணக்கில் போகும். கதவைச் சாத்தி, “தூசி ஹாலுக்கு வராம பாத்துக்கோங்க” என்று நாமே சொல்லிவிட்டு வருவோம். வராமல்தான் இருக்கும், அத்தனையும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு.

இங்கே ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். தன் வீட்டுக் குளியலறைக்கு வாழ்நாளில் ஒருமுறை டைல் அறுத்தவருக்கு அதனாலேயே சிலிகோசிஸ் வந்துவிடாது. இந்த நோய் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாங்கிய தூசியின் விளைவு. பலகைப் பட்டறை போல அடர்த்தி மிகுந்த இடத்தில் ஐந்து பத்து ஆண்டுகளிலேயே வருவது. ஆகவே வீட்டுக்காரரின் ஆபத்தும் மேஸ்திரியின் ஆபத்தும் ஒன்றல்ல. நமக்கு நான்கு நாள் வேலை. அவருக்கு அடுத்த வாரம் அடுத்த வீடு. ஆனால் எந்த இடத்தில் அறுப்பது, தண்ணீர் உண்டா, அவசரம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாம்தான். மழை வந்தால் பால்கனியிலிருந்து உள்ளே வந்து அறுக்கச் சொல்வதும் நாம்தான்.

பிளேடு செய்யும் காயம்

தூசி பத்து ஆண்டுகளில் செய்வதைப் பிளேடு அரை நொடியில் செய்துவிடும். 110 மில்லிமீட்டர் பிளேடின் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200. பிளேடின் விளிம்பு நொடிக்கு 69 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். நேர்கோட்டில் போகும்வரை அது சாதுதான். டைலின் இரண்டு பாதியும் லேசாக உள்வாங்கி பிளேடை இறுக்கினால், அல்லது அறுக்கும் பாதையிலேயே வளைக்கப் பார்த்தால், அந்த வேகம் அத்தனையும் இயந்திரத்தைப் பின்னோக்கி எறியும். பிடித்திருப்பவர் குந்தி உட்கார்ந்து, டைலைக் கால் கட்டை விரலால் மிதித்துக்கொண்டிருந்தால், இயந்திரம் திரும்பி வரும் வழியில் இருப்பது முழங்காலும் தொடையும்.

எனவே டைலைக் காலால் பிடிக்கக் கூடாது. சமதளமான பலகையில் வைத்து, அறுபடும் இரு பாதிக்கும் அடியில் தாங்கு கொடுத்து, கிளாம்ப் போட்டுவிட வேண்டும். கோடு வளைவானால் ஒரே அறுப்பில் வளைக்காமல், சின்னச் சின்ன நேர் அறுப்புகளாகக் கொடுத்து, மிச்சத்தைக் குறட்டால் கடித்து எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரத்தின் மூடியை, அதாவது கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வது நம் தளங்களில் சர்வ சாதாரணம். பிளேடு தெரியவில்லை, ஆழம் போதவில்லை என்று காரணம் சொல்வார்கள். கார்டு பிடிக்கிற ஆழத்துக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் அந்த வேலைக்கு அந்த இயந்திரம் சிறியது, அவ்வளவுதான். இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. காலையில் டைல் அறுத்த இயந்திரத்திலேயே மாலையில் பல் வைத்த மர பிளேடை மாட்டி பிளைவுட் அறுப்பது. துளை அளவு பொருந்திவிடுகிறது என்பதால் நடக்கிறது. கிரைண்டரின் கார்டு மர அறுப்புக்கு வடிவமைத்தது அல்ல, வேகமும் மரப் பல்லுக்கு ஏற்றது அல்ல. பல் மரத்தில் கடித்தால் கை நிறுத்தும் முன் இயந்திரம் தாவிவிடும். இதில் நடுவழி கிடையாது. செய்யவே கூடாது.

டைலுக்கு விளிம்பு தொடர்ச்சியாக உள்ள வைர பிளேடு வேண்டும். இடையிடையே வெட்டு விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கானது. டைலின் மேற்பூச்சைப் பல்லிளிக்க வைத்துவிடும். பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, இயந்திரத்தின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் மாட்டக் கூடாது. புதிதாக மாட்டியதும் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டால், விரிசலோ ஆட்டமோ இருப்பது அப்போதே தெரிந்துவிடும்.

கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய கண்ணாடி வேண்டும். படிக்கிற கண்ணாடி கணக்கில் வராது. காதுக்கும் அடைப்பான் வேண்டும். 100 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மூடிய அறையில் கிரைண்டர் அந்த அளவை எளிதாக எட்டும். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி முனை, தளர்ந்த நூல் கையுறை எல்லாம் சுழலும் பிளேடுக்குப் பக்கத்தில் வரக்கூடாதவை. உடைந்த டைலைத் தூக்கும்போது கையுறை நல்லது, அதுவும் கையோடு ஒட்டியதாக இருக்கட்டும்.

தண்ணீரும் கரண்டும்

தூசிக்கு மருந்து தண்ணீர் என்றதும் நம் ஆட்கள் செய்வது என்ன? கோலா பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டு, உதவியாளர் ஒருவர் பிளேடு மேல் பீய்ச்சிக்கொண்டே இருப்பார். தூசி நிஜமாகவே குறையும். ஆனால் அதே தண்ணீர் 230 வோல்ட்டில் ஓடும் மோட்டாரின் காற்றுத் துளைக்குள்ளும் போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத் தரையில் கிடக்கும். செருப்பில்லாத கால் அதே தரையில் இருக்கும். நுரையீரலைக் காப்பாற்றப் போய் இதயத்தைப் பணயம் வைக்கிற ஏற்பாடு இது.

வழி இருக்கிறது. தண்ணீர்க் குழாய் பொருத்தும் அமைப்போடு தயாரிப்பாளரே கொடுக்கும் கட்டர்கள் உண்டு. தண்ணீர் பிளேடுக்கு மட்டும் போகும்படி செய்தவை. தொட்டியோடு கூடிய மேசை வெட்டும் இயந்திரம் அதைவிட மேல். பிளேடு நிலையாக இருக்கும், டைல்தான் நகரும். கை பிளேடுக்கு வெகுதூரத்தில். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2016 சிலிக்கா விதி, தண்ணீர் அமைப்போடு வந்த இப்படிப்பட்ட இயந்திரத்தை அதன் குறிப்புப்படி ஓட்டினால் முகக்கவசம்கூடக் கட்டாயம் இல்லை என்கிறது. வாடகைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

எதுவானாலும் அந்த இணைப்பு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் வழியாக வர வேண்டும். வீட்டு மின்பலகையில் அது இருக்கிறதா என்று பார்த்து, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் துண்டிக்கும் எம்சிபி இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. அது கம்பியைக் காப்பாற்றுவதற்கு, மனிதரை அல்ல. ஆளைக் கொல்லும் மின்னோட்டம் அதற்குக் கண்ணிலேயே படாது. வயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு வளைவு தொங்கவிட்டால், வயரோடு வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது.

டைலையே ஊறவைத்து அறுத்தால் போதாதா என்று கேட்கலாம். சுவர் டைல் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும் ரகம்; சிமென்ட் கலவையில் ஒட்டுவதற்கு எப்படியும் ஊறவைப்பார்கள். வைட்ரிஃபைடு குடிப்பது அரை சதவீதம்கூட இல்லை. ராத்திரி முழுக்கத் தொட்டியில் போட்டாலும் உள்ளே உலர்ந்தே இருக்கும். இரண்டிலும், அறுபடும் இடத்தில் தொடர்ந்து பாயும் தண்ணீருக்கு அது ஈடில்லை.

இயந்திரமே வேண்டாத அறுப்புகள்

எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பாதி ஆபத்து இங்கேயே தீர்ந்துவிடுகிறது. நேர் அறுப்புக்குக் கிரைண்டர் தேவையே இல்லை. தண்டவாளத்தில் ஓடும் கைக் கட்டர் போதும். கடினமான சின்னச் சக்கரம் மேற்பூச்சில் ஒரு கீறல் போடும். பிறகு கைப்பிடியை அழுத்தினால் டைல் அந்தக் கோட்டில் முறியும். கரண்ட் இல்லை, சத்தம் இல்லை, தூசி சொல்லும்படி இல்லை. கீறல் ஒரே ஓட்டத்தில் விழ வேண்டும். திருப்தி வராமல் இரண்டாம் முறை ஓட்டினால் முறிவு கோணலாகப் போகும். சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் கீறல் சீராக வரும். முறிந்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ஈரத்தோடு சாணைக்கல்லால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

இதற்குப் படியாதவை சில உண்டு. கனமான, கரடுமுரடான போர்ட்டிகோ டைல், எல் வடிவ வெட்டு, இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான பட்டை. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் திட்டத்திலேயே ஒழித்துவிடலாம். ஐந்தடிச் சுவர், 1,524 மில்லிமீட்டர். டைல் அகலம் 300, இடைவெளி 2. மூலையிலிருந்து முழு டைலாக ஒட்டிக்கொண்டே போனால் ஐந்து டைல் முடிந்து கடைசியில் 14 மில்லிமீட்டர் பட்டை நிற்கும். அது முறியாது, கிரைண்டரில்தான் அறுக்க வேண்டும், அதிலும் பாதி உடையும், பார்க்கவும் அசிங்கம். அதே சுவரில் நான்கு முழு டைலை நடுவில் வைத்தால் இரு ஓரத்திலும் 157 மில்லிமீட்டர் வரும். இரண்டும் கைக் கட்டரில் அழகாக முறியும். ஆபத்தான அறுப்பைச் சாக்பீஸும் டேப்பும் வைத்தே நீக்கியாயிற்று. ஒட்டத் தொடங்கும் முன் மேஸ்திரியிடம், “அண்ணே, ரெண்டு ஓரமும் சமமா வர்ற மாதிரி முதல்ல ஒரு தடவை வச்சுப் பாத்துடலாமா?” என்று கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நல்ல மேஸ்திரி நாம் கேட்கும் முன்பே செய்திருப்பார்.

குழாய்க்கு வட்டத் துளை என்றால் வைர ஹோல்சா, டிரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் முனை. டிரில்லில் சுத்தியல் முறையை அணைத்து, மெதுவான வேகத்தில், சற்றுச் சாய்வாகத் தொடங்கி ஒரு பிறை கடித்ததும் நிமிர்த்த வேண்டும். தண்ணீர் இங்கேயும் வேண்டும். பேட்டரி டிரில் என்றால் கரண்டுக் கவலையும் கிடையாது. எல் வடிவத்துக்கு உள்மூலையில் முதலில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டு இரு பக்கமும் அறுத்தால், அந்த மூலையிலிருந்து விரிசல் ஓடாது.

கிரைண்டர் மிஞ்சும் அறுப்புகளை மொத்தமாகக் குறித்து வைத்துக்கொண்டு, மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி உட்கார்ந்து ஒரே தடவையாக முடிக்கலாம். ஒவ்வொன்றாக அளந்து ஒவ்வொன்றாக உள்ளேயே அறுப்பதுதான் நாள் முழுவதும் அறையைத் தூசியில் வைத்திருக்கிறது. அப்போது முகத்தில் இருக்க வேண்டியது என்95 அல்லது எஃப்எஃப்பி2 தர முகக்கவசம். ஈரத் துண்டும் அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் இந்த அளவுத் தூசிக்கு அலங்காரம்தான். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. கவசத்தில் காசு போட்டும் பக்கவாட்டில் தூசி உள்ளே வரும். கவசம் கடைசி அரண், முதல் அரண் அல்ல. தண்ணீரை விட்டுவிட்டுக் கவசத்தை மட்டும் நம்பினால், அது நழுவும் ஒவ்வொரு தடவையும் கணக்கில் ஏறும்.

வேலை முடிந்த பிறகு

தண்ணீர் தூசியை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது. அறுத்த இடத்தில் கிடக்கும் சேறு மறுநாள் காய்ந்தால் மறுபடி தூசிதான். மாலையில் விளக்குமாறு எடுத்துப் பெருக்கினால் காலையில் அடக்கியதை எல்லாம் கிளப்பிவிடுகிறோம். பெருக்குவது பெரும்பாலும் மேஸ்திரியோ வீட்டுக்காரரோ அல்ல, சித்தாளாக வரும் பெண். அவர் முகத்தில் அப்போது எதுவும் இருக்காது. அதனால் ஈரமாக இருக்கும்போதே வழித்து, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஃபேனைப் போட்டு விரட்டுவதும், ஏர் கம்ப்ரஸர் வைத்து ஊதுவதும் கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனரில் ஹெபா வடிகட்டி இல்லையென்றால் அது முன்னால் உறிஞ்சிப் பின்னால் நுண்தூசியை வெளியே விட்டுவிடும். வேலைச் சட்டையை உதறாமல், தனியாக நனைத்துப் போடலாம். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டையோடு போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

சேற்றை ஜாலியில் ஊற்றினால் குழாய் வளைவில் கல்லாக இறுகி, புதுக் குளியலறையில் முதல் மாதமே பிளம்பர் வருவார். வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கியதை ஈரமாகவே சாக்கில் கட்டிக் கட்டிடக் கழிவோடு அனுப்பிவிடுங்கள்.